உங்கள் குடியிருப்பில் கொசுப் புகை அடிப்பதை எதிர்க்கப் போகிறீர்களா? இறங்கும் முன் இதைப் படியுங்கள்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சிங்கப்பூரில் எங்கள் கூட்டுரிமைக் குடியிருப்பில் (காண்டோவில்) அந்த இயந்திரச் சத்தம் கேட்கும். கேட்டதும் ஒருவர் பால்கனிக் கதவைச் சாத்த ஓடுவோம், ஒருவர் மகன் அறைச் சன்னலுக்கு, இன்னொருவர் காயப்போட்ட துணிகளை எடுக்க. அதற்குள் வெள்ளைப் புகை ஐந்தாம் மாடி வரை ஏறிவிடும். மகனுக்கு ஆஸ்துமா. புகை அடித்த அன்று மத்தியானம் வரைக்கும் இளைப்பு இருக்கும், பம்ப் இல்லாமல் முடியாது. இரண்டு வருடம் இப்படித்தான் ஓடினோம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒன்று எழுதிப் போட்டேன். யாரோ அனுப்பிய காணொளி ஒன்றையும், அது எந்த ஊரில் எடுத்தது என்றுகூடப் பார்க்காமல், சேர்த்துப் போட்டேன். பத்து நிமிடத்தில் மூன்றாம் மாடி ஆன்டி பதில் எழுதினார். அவருடைய கணவர் 2020இல் டெங்கியால் மருத்துவமனையில் படுத்தவர், ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போய் ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. "உன் பிள்ளையின் மூச்சு முக்கியம், என் கணவர் உயிர் முக்கியமில்லையா?" அவ்வளவுதான் எழுதியிருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. குழுவில் வேறு யாரும் எனக்காகப் பேசவும் இல்லை.

அந்த ஆன்டிக்குப் பதில் சொல்ல முடியாத எதிர்ப்பு எதுவும் இந்த ஊரில் ஓரடி நகராது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் படித்தும் கேட்டும் நடந்தும் கற்றதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும், சில இடங்களில் மட்டும் யாரிடம் பேசுவது என்பது மாறும்.

யார் அடிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்

"அரசாங்கம் புகை அடிக்கிறது" என்று எல்லோரும் பொத்தாம்பொதுவாகச் சொல்வோம். பல சமயம் அது அரசாங்கமே இல்லை. வீவக புளோக்குகளின் பொது இடங்களைப் பார்த்துக்கொள்வது நகர மன்றம், அது ஒப்பந்த நிறுவனம் வைத்து வேலை வாங்கும். கூட்டுரிமைக் குடியிருப்பில் நிர்வாகக் குழு ஒப்பந்தம் போடும், பணம் நம் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து போகும். தேசியச் சுற்றுப்புற வாரியம் வருவது பெரும்பாலும் சோதனைக்கும், டெங்கி பரவும் இடங்களில் நடவடிக்கை எடுக்கவும்தான். யார் என்று தெரியாமல் வாரியத்துக்குக் கடிதம் எழுதினால் அது சுற்றிச் சுற்றி உங்கள் நிர்வாகத்திடமே வந்து சேரும், நடுவில் ஒரு மாதம் போயிருக்கும்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் படம் எடுங்கள். தாளே இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். புகை அடிக்க வந்தவரின் சட்டையில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டால் போதும், அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வெயிலில் முகமூடியும் கனமான இயந்திரமும் சுமந்துகொண்டு நிற்கும் ஊழியர் அவர், பல நேரம் நம் ஊர்ப் பக்கத்துத் தம்பியாகவே இருப்பார், நம்மைவிட அதிகமாக அந்தப் புகையைச் சுவாசிக்கிறவரும் அவர்தான்.

பிறகு நிர்வாக அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: என்ன மருந்து, அதில் உள்ள வேதிப்பொருள் எது, அதை எதில் கலக்கிறார்கள், டீசலிலா தண்ணீரிலா, அந்த மருந்தும் நிறுவனமும் வாரியத்தில் பதிவானவையா, எத்தனை நாளுக்கு ஒருமுறை அடிக்கிறார்கள், எந்தக் காரணத்துக்காக. கடைசிக் கேள்விதான் உயிர்க்கேள்வி. எங்கள் நிர்வாகம் முதல் ஐந்துக்கும் ஒரே நாளில் பதில் அனுப்பிவிட்டது, காரணம் கேட்ட இடத்தில் "வழக்கமான பராமரிப்பு" என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதெல்லாம் செய்தோம்.

எதை எதிர்க்கக் கூடாது

150 மீட்டர் வட்டாரத்தில் 14 நாளுக்குள் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ டெங்கி வந்தால் அதை டெங்கிக் குழுமம் என்று அறிவிக்கிறார்கள். மஞ்சள் பதாகை தொங்கும், பத்துப் பேரை எட்டினால் சிவப்பு. உங்கள் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் பார்க்கலாம்.

இருந்தால் எதிர்ப்பைத் தள்ளி வையுங்கள். கிருமியைச் சுமந்த பெண் கொசு அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கிறது, அது அடுத்த ஆளைக் கடிக்கும் முன் சாக வேண்டும். அந்த வேலைக்கு மருந்து தேவைதான். வீட்டுக்குள் சோதிக்க அதிகாரிகள் வந்தால் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், பார்த்தபின் கதவைத் திறந்துவிடுங்கள். நோய்பரப்பிகளையும் பூச்சிக்கொல்லிகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1998இலிருந்து இருக்கிறது, உள்ளே வந்து பார்க்கும் அதிகாரத்தை அது அவர்களுக்குக் கொடுக்கிறது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ மீன்தொட்டியோ இருந்தால், மருந்து தெளிக்கும் முன் சொல்லுங்கள், கொஞ்சம் அவகாசம் கேளுங்கள். தடுக்காதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2013இல் 22,000 பேருக்கு மேல் டெங்கி வந்தபோது அதுவே பெரிய எண்ணிக்கையாக இருந்தது, 2020இல் 35,000-ஐத் தாண்டியது. எல்லோரும் வீட்டிலேயே அடைந்து கிடந்த வருடம் அது, டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ வீட்டோடு இருந்து பகலில் கடிக்கிற கொசு. ஆன்டியின் பயம் வெறும் பயமில்லை.

வாரா வாரம் அடிக்கும் புகையில் என்ன தப்பு

குழுமம் இல்லை, நோயாளி இல்லை, இனப்பெருக்கம் எங்கே என்றும் தேடவில்லை, நாட்காட்டியைப் பார்த்துப் புகை அடிக்கிறார்கள். எதிர்க்க வேண்டியது இதைத்தான். இங்கே உங்கள் பக்கம் நிற்கப் போவது யார் தெரியுமா? தேசியச் சுற்றுப்புற வாரியமே. வழக்கமான தடுப்பு வேலையாகப் புகையடிக்க வேண்டாம், நோய் பரவும்போதோ வளர்ந்த கொசுக்கள் அதிகமாக இருக்கும்போதோ மட்டும் பயன்படுத்துங்கள், தேங்கிய நீரை அகற்றுவதே முதல் வேலை என்பதுதான் வாரியம் சொல்லிவருவது. நான் இதைப் படித்த அன்று ஆச்சரியப்பட்டுப் போனேன், அரசாங்கத்தை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அரசாங்கத்தின் அறிவுரையே கையில் கிடைத்தது.

ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டால்தான் அடுத்தவருக்கு விளக்க முடியும். புகை கொசுவின் மேல் நேரடியாகப் பட்டால்தான் கொசு சாகும். ஏடிஸ் எஜிப்தி கொசு திறந்த வெளியில் புல்லின் மேல் உட்கார்ந்து நமக்காகக் காத்திருப்பதில்லை, கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், திரைச்சீலை மடிப்பில், இருட்டாக இருக்கும் இடத்தில் ஒதுங்கிக் கிடக்கும். சத்தம் கேட்டதும் நாம் கதவு சன்னலைச் சாத்துகிறோம், அதாவது கொசு இருக்கும் இடத்துக்குப் புகை போகாமல் நாமே பார்த்துக்கொள்கிறோம். அதோடு முட்டைக்கும் தண்ணீரில் நெளியும் புழுவுக்கும் அந்தப் புகை ஒன்றும் செய்வதில்லை. நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழு நாள் போதும். சனிக்கிழமை புகை அடித்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் புதுக் கூட்டம் தயார். அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு கிடந்து, மழை வந்து நனைத்ததும் பொரிக்கும். 20 காசு நாணயம் அளவுக்குத் தண்ணீர் இருந்தாலே அதற்குப் போதும்.

இன்னொன்று, மருந்துக்குப் பழகிப்போவது. கொசுப் புகையில் பயன்படும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகளை ஏடிஸ் எஜிப்தி தாங்கிக்கொள்ளும் அளவுக்கு மாறியிருப்பதை இங்குள்ள ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். தேவையில்லாத நாளில் அடிக்கிற ஒவ்வொரு புகையும் தப்பிப் பிழைத்த கொசுவுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. நாளைக்கு நிஜமாகவே குழுமம் வந்து மருந்து தேவைப்படும்போது அது வேலை செய்யாவிட்டால்? மூன்றாம் மாடி ஆன்டியிடம் நான் பிறகு நேரில் போய்ச் சொன்னது இதைத்தான். "உங்கள் வீட்டுக்காரருக்காகத்தான் கேட்கிறேன், இந்த மருந்தைத் தேவைப்படும் நாளுக்கு வைத்திருக்கச் சொல்வோம்" என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்.

மீன் வளர்ப்பவர்களும் இதில் கூட்டாளிகள். பைரித்ராய்டுகள் மீனுக்குக் கடும் விஷம், தேனீக்கும் அப்படியே. அந்த வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் பூனைக்கு ஆகாது. எங்கள் குடியிருப்பில் அலங்கார மீன் வைத்திருக்கும் அங்கிள் ஒருவர் நான் கேட்பதற்கு முன்பே கையெழுத்துக்குத் தயாராக இருந்தார்.

குறிப்பேடு

கோபத்தைவிட ஒரு குறிப்பேடு அதிக வேலை செய்யும். தேதி, நேரம், முன்னறிவிப்பு இருந்ததா, காற்று எந்தப் பக்கம், சன்னல் எப்போது சாத்தினோம், பிள்ளைக்கு எப்போது இளைப்பு தொடங்கியது, பம்ப் எத்தனை முறை, மருத்துவரிடம் போனோமா. புகை அடிக்காத வாரத்தில் இளைப்பு வந்தால் அதையும் எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். எங்கள் குறிப்பில் புகை இல்லாத இரண்டு நாளும் இளைப்பு இருந்தது, அதை மறைக்காமல் காட்டியதால்தான் மற்ற ஒன்பது நாளை நம்பினார்கள் என்று நினைக்கிறேன். "இந்த மருந்தால் புற்றுநோய் வரும்" என்பது மாதிரி நிரூபிக்க முடியாத எதையும் சொல்ல வேண்டாம், ஒன்று பொய்யென்று தெரிந்தால் மற்றதெல்லாமே பொய்யாகிவிடும்.

வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2007இல் கலிஃபோர்னியாவில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு சிறிய பழுப்பு அந்துப்பூச்சியை ஒழிக்க மாநில அரசு விமானம் வைத்து மான்டரே, சான்டா குரூஸ் பகுதிகளில் வீடுகளுக்கு மேலேயே மருந்து தெளித்தது. அது கொல்லும் மருந்துகூட இல்லை, ஆண் பூச்சி துணையைத் தேட முடியாமல் குழப்பும் வாசனைப் பொருள். ஆனாலும் மூச்சுத்திணறல், கண் எரிச்சல் என்று நூற்றுக்கணக்கான புகார்கள் வந்தன. அந்த நோய்கள் மருந்தால்தான் வந்தன என்று நிரூபித்து மக்கள் வெல்லவில்லை. "அவசரம் என்று சொல்லி, சுற்றுச்சூழல் ஆய்வைச் செய்யாமலே தெளித்தது சரியா?" என்ற கேள்வியைத்தான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆய்வு முடியும்வரை விமானத்தில் தெளிக்கக் கூடாது என்று 2008இல் நீதிமன்றம் சொன்னது, அந்த ஜூன் மாதமே ஊர்களுக்கு மேல் தெளிக்கும் திட்டத்தை அரசு கைவிட்டு, மலட்டுப் பூச்சிகளை விடும் வழிக்கு மாறுவதாக அறிவித்தது. நாம் நீதிமன்றம் போகத் தேவையில்லை. ஆனால் கேள்வியை எங்கே வைத்தார்கள் என்று கவனியுங்கள். "இது விஷம்" என்று கத்துவதைவிட, "எந்தச் சோதனையின் அடிப்படையில் அடிக்கிறீர்கள், அந்த அறிக்கையைக் காட்டுங்கள்" என்று கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கொசுவையே கொண்டுவந்து விடுகிறார்களே, அதை எதிர்க்கலாமா?

என் அம்மா யீஷூனில் வீவக வீட்டில் இருக்கிறார். அங்கே வொல்பாக்கியா திட்டத்துக்காகக் கொசு விடுகிறார்கள். "தொட்டியில தண்ணி நின்னா அபராதம் போடுறவங்க, அவங்களே டப்பா டப்பாவா கொசு கொண்டாந்து விடுறாங்க, கேக்க ஆளில்லையா?" என்று தொலைபேசியில் சண்டை. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால் இதற்கும் உட்கார்ந்து படித்தேன்.

2016இல் பிராடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் என்று மூன்று இடங்களில் சிறிய அளவில் தொடங்கிய திட்டம் இது. விடுவது ஆண் கொசுக்களை மட்டும். ஆண் கொசு கடிக்காது, அதற்கு ரத்தம் தேவையில்லை. வொல்பாக்கியா என்பது பட்டாம்பூச்சி, பழ ஈ உட்பட உலகத்துப் பூச்சி இனங்களில் பாதிக்கு மேல் இயற்கையாகவே இருக்கும் ஒரு பாக்டீரியா. ஏடிஸ் எஜிப்தியில் அது இயற்கையில் இல்லை. அதைச் சுமந்த ஆண், ஊரில் இருக்கும் பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. தப்பித் தவறிப் பெண் கொசு கலந்துவிட்டால் அது இனப்பெருக்கம் செய்யாதபடி எக்ஸ்-ரே கதிரும் கொடுக்கிறார்கள். தொடர்ந்து விட்ட இடங்களில் ஏடிஸ் எஜிப்தி 80 முதல் 90 விழுக்காடு வரை குறைந்ததாக வாரியம் சொல்கிறது. 2026க்குள் 800,000 வீடுகளை எட்டுவது அவர்களுடைய இலக்கு.

இதில் மருந்தும் இல்லை, புகையும் இல்லை. என் மகனைப் போன்ற பிள்ளைகளுக்கு இது புகையைவிட எவ்வளவோ மேல் என்று மனதார நம்புகிறேன், அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். அம்மாவுக்கு இருந்த நிஜமான தொல்லை, விட்ட காலையில் தாழ்வாரத்திலும் மின்தூக்கியிலும் கொசு மொய்ப்பதும், பக்கத்து வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர் முகத்தில் வந்து உட்காருவதும்தான். அதற்கு, எந்தக் கிழமைகளில் எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று கேட்டு அந்த நேரம் கதவைச் சாத்தலாம். அந்த வீட்டு வாசலைத் தவிர்த்துச் சற்றுத் தள்ளி விட முடியுமா என்று எழுதிக் கேட்கலாம். வீட்டுக்குள் வந்த கொசுவைத் தாராளமாக அடித்துக் கொல்லலாம், அதற்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கொசு எண்ணிக்கையைக் கணக்கெடுக்கக் கருப்பு நிறப் பொறிகளைப் புளோக்கில் வைத்திருப்பார்கள், நம் வட்டாரத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வாரியத்திடமே கேளுங்கள். பொறியைத் தூக்கி எறியாதீர்கள், கணக்கே கெட்டுப்போகும்.

வதந்தியை மட்டும் கிளப்பாதீர்கள். இந்தியாவில் 1970களில் உலகச் சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து ஹரியானாவின் சோனிபட்டில் மலட்டு ஆண் கொசுக்களை விடத் தயாராக இருந்தன. பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. இது கிருமிப் போருக்கான ஒத்திகை என்று பத்திரிகைகளில் செய்தி கிளம்பியது, நாடாளுமன்றம் வரை போனது, 1975இல் திட்டமே மூடப்பட்டது. மக்களிடம் எதையும் முன்கூட்டி மனம்விட்டுப் பேசாத அதிகாரிகள் மேலும் தப்பு இருந்தது என்றே நினைக்கிறேன், ஆனால் மருந்தில்லாமல் கொசுவைக் குறைக்கும் ஒரு வழி அங்கே அத்தோடு நின்றது. அதற்கு நேர்மாறாக ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரத்தில் 2011இல் வொல்பாக்கியா கொசுக்களை விடும் முன் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், ஊர்க்காரர்கள் அடங்கிய குழு ஒன்றை வைத்துக்கொண்டார்கள். நாம் கேட்க வேண்டியதும் அந்த மாதிரி முன்கூட்டிய பேச்சைத்தான்.

அண்டை வீட்டாரோடு பேசுவது

குழுவில் எழுதுவதற்கு முன் நாலு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நான் தலைகீழாகச் செய்துதான் மாட்டிக்கொண்டேன். ஒரு மலாய் வீடு, ஒரு சீன வீடு, ஒரு இந்திய வீடு, டெங்கி வந்த ஒரு வீடு, இவர்களிடம் முதலில் பேசினால் யாருக்கு என்ன கவலை என்று தெரிந்துவிடும். எங்கள் தளத்து மக்சிக் (மலாய் ஆன்டி) ஒருவர் பேரனுக்காகப் பயந்தார், இன்னொரு வீட்டில் பணிப்பெண் துணியை இரண்டாம் முறை துவைக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார், அது எனக்குத் தோன்றவே இல்லை.

குழுவில் எழுதும்போது சுருக்கமாக, கேள்வியாக எழுதுங்கள். பார்வேர்டு வேண்டாம், எங்கிருந்து வந்தது என்று தெரியாத காணொளி வேண்டவே வேண்டாம். இணையத்தில் பொய்த் தகவல் பரப்புவதற்கு எதிரான சட்டம் 2019இலிருந்து இருக்கிறது. அதைவிட முக்கியம், அக்கம்பக்கத்தார் நம் பேச்சை ஒருமுறை சந்தேகப்பட்டால் திரும்ப நம்ப வைக்க வருடக்கணக்காகும்.

கீழ்த்தளத்தில் அட்டை பிடித்து நிற்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம். ஒரு கோரிக்கைக்காகப் பொது இடத்தில் நிற்பதற்குக் காவல்துறை அனுமதி தேவை, தனியாளாக நின்றாலும் தேவை. கூடிப் பேசவென்றே ஒதுக்கிய ஹொங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கம் வேறு விஷயம், ஆனால் நம் தோட்டத்துப் புகைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கையெழுத்து வாங்கிக் கடிதம் கொடுப்பதே போதும்.

கடிதம்

ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள். நான் ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இது:

"எங்கள் குடியிருப்பு தற்போது டெங்கிக் குழுமத்தில் இல்லை. இருந்தும் வாரம் ஒருமுறை புகையடிக்கப்படுகிறது. வழக்கமான தடுப்பு நடவடிக்கையாகப் புகையடிப்பதைச் சுற்றுப்புற வாரியம் பரிந்துரைப்பதில்லை. கீழே கையெழுத்திட்ட 31 வீட்டார் கேட்டுக்கொள்வது: ஒன்று, வாரப் புகைக்குப் பதில் வாரம் ஒருமுறை தேங்கிய நீர்ச் சோதனை, அறிக்கையோடு. இரண்டு, டெங்கி நோயாளியோ அதிகமான வளர்ந்த கொசுக்களோ கண்டறியப்பட்டால் மட்டும் புகை. மூன்று, அடிக்கும் முன் இரண்டு நாள் அறிவிப்பு, மருந்தின் பெயரோடு. டெங்கி பரவினால் முழுமையாக ஒத்துழைப்போம். தேங்கிய நீரைத் தேடும் வேலையில் நாங்களும் கலந்துகொள்வோம்."

கடைசி இரண்டு வரிகளை நீக்கிவிடாதீர்கள், மூன்றாம் மாடி ஆன்டி கையெழுத்துப் போட்டது அவற்றுக்காகத்தான்.

கூட்டுரிமைக் குடியிருப்பில் இருந்தால் இதை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகச் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், கூட்டத்தன்று எழுந்து பேசினால் குறிப்பில் ஏறும், அதோடு முடிந்துவிடும். புகையடிப்புக்கு வருடம் எவ்வளவு செலவாகிறது என்று கணக்குத் தாளில் பாருங்கள், உடல்நலம் பேசினால் அசையாதவர்கள் அந்த வரியைக் காட்டினால் நிமிர்ந்து உட்காருவார்கள். வீவக புளோக் என்றால் முதலில் நகர மன்றம், ஒன்சர்வீஸ் செயலி வழியாகவும் அனுப்பலாம். இரண்டு மூன்று வாரம் பதில் இல்லையென்றால் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் மாலைக்குப் போங்கள். வரிசை நீளம், கடன், வீடு, விசா என்று பெரிய பிரச்சினைகளோடு மக்கள் உட்கார்ந்திருப்பார்கள், அதனால் கடிதம், கையெழுத்து, குறிப்பேட்டின் நகல் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கப் பாருங்கள்.

புகைக்குப் பதில் என்ன என்று கேட்பார்கள்

கேட்டே தீர்வார்கள், அப்போது கைவசம் வேலை இருக்க வேண்டும். நாங்கள் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆறேழு பேர் கைவிளக்கோடு சுற்றத் தொடங்கினோம். முதல் சுற்றிலேயே புழு கிடைத்தது, அதுவும் எங்கே? சனிக்கிழமை தோறும் புகை அடித்த அதே தோட்டத்தில், தோட்டக்காரர் கவிழ்க்காமல் வைத்த வாளியில். அதைக் காணொளி எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பியது எங்கள் ஒரு வருடக் கடிதங்களைவிடப் பெரிய வேலை செய்தது. நிர்வாகத்தைக் குத்திக்காட்டாமல் "இதைக் கண்டோம், கவிழ்த்துவிட்டோம்" என்று மட்டும் எழுதினோம்.

தேட வேண்டிய இடங்கள்: பூந்தொட்டித் தட்டு, இறுகிப்போன தொட்டி மண்ணின் மேல்பரப்பு, கூரை வடிகால், மூடி போடாத மூங்கில் கழிக் குழாய்கள், கழிவுநீர்ப் பொறி, குளிர்சாதனத் தட்டு, பாத்திரம் வடியும் தட்டு, சாமி அறைச் செம்பு, பூச்சாடி, பயணம் போனவர் வீட்டுக் கழிப்பறை. நம் வீடுகளுக்கென்றே ஒன்று உண்டு. தீபாவளிக்கு வாசலிலும் தாழ்வாரத்திலும் வைத்த அகல்விளக்கு. பண்டிகை முடிந்ததும் எண்ணெய் காய்ந்து அப்படியே கிடக்கும், நவம்பர் டிசம்பர் மழையில் நிறையும், ஒரு அகல் போதும் நூறு கொசுவுக்கு. எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். துளசி, கறிவேப்பிலைத் தொட்டிகளின் தட்டை எடுத்தே விடலாம். தண்ணீரை வடிக்க முடியாத இடத்தில் பிடிஐ என்னும் பாக்டீரியா மருந்தைத் துகளாகப் போடலாம், அது கொசுப் புழுவைத்தான் கொல்லும், மீனுக்கும் மனிதருக்கும் தீங்கில்லை. வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, விளிம்பையும் உள்பக்கத்தையும் தேய்த்துத் துடைக்க வேண்டும், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்.

புழு இருக்கும் வீட்டைக் கண்டால் குழுவில் படம் போட்டு அவமானப்படுத்தாதீர்கள். வாரியம் கண்டுபிடித்தால் 200 வெள்ளி அபராதத்தில் தொடங்கும், அதற்கு முன் நாம் போய்ச் சொன்னால் நன்றி சொல்வார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் குனிந்து தட்டைத் துடைக்க ஆள் இருக்காது, "ஆன்டி, நான் செய்துவிட்டுப் போகிறேன்" என்றால் அந்த வீடும் நம் பக்கம்.

எங்கள் நிர்வாகம் பொதுக்கூட்டத்துக்குப் பிறகு வாரப் புகையை நிறுத்தி மூன்று மாதம் சோதனை முறையில் பார்க்க ஒப்புக்கொண்டது. அந்த மூன்று மாதத்தில் ஒரு டெங்கி நோயாளி வந்தாலும் எங்கள் தலையில்தான் விடியும் என்று தெரியும், அதனால் ஒரு ஞாயிறும் விடவில்லை, மழையிலும் போனோம். மூன்று மாதம் ஆறு மாதமானது. நடுவில் ஒருமுறை எதிர்ப் பக்கப் புளோக்கில் மஞ்சள் பதாகை தொங்கியது, அந்த வாரம் நிர்வாகம் இரண்டு நாள் முன்பே தாள் ஒட்டிப் புகை அடித்தது, நாங்களும் மகனை முந்தைய இரவே அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். யாரும் முணுமுணுக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை கைவிளக்கைக் கொண்டுவருபவர் மூன்றாம் மாடி ஆன்டி. மூங்கில் கழிக் குழாய்களை அவர்தான் பார்ப்பார், வேறு யார் பார்த்தாலும் அவருக்குத் திருப்தி இல்லை. நீங்கள் தொடங்குவதாக இருந்தால் மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள், ஒரு பழைய பல்துலக்கியும் எடுத்துப் போங்கள், வாளி விளிம்பைத் தேய்க்க அதைவிட வாகான சாமான் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.